ஓய்வு யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆகஸ்ட் விடுமுறையின்போது, யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் ஆசிரியத் தம்பதியர் இரண்டு நாட்கள் நுவரெலியாவுக்குச் சென்று வந்தனர். அரசாங்க ஊழியர்க்குரிய புகையிரத ஆணைச்சீட்டிற் பயணஞ் செய்து நானுஓயாவில் இறங்கி, மலிவான விடுதியொன்றில் தங்கினர். ஒன்பது வயது மகளையும் ஐந்து வயது மகனையும் கணவரின் தாயாரிடம் விட்டுச் சென்றிருந்தனர். நடந்தது இவ்வளவே. ஆயினும் பாடசாலை மீண்டும் தொடங்கியபோது ஆசிரியர் அறையில் எழுந்த பேச்சு ஒரு வாரம் வரை அடங்கவில்லை. பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு உல்லாசமாகத் திரிய ஒரு தாய்க்கு எப்படி மனம் வந்தது என்பதே அப்பேச்சின் சாரம். கணவரும் அதே அறையிலேதான் அமர்ந்திருந்தார். அவரிடம் அக்கேள்வியை எவரும் கேட்கவில்லை.

அந்த ஆசிரியையின் மீது முன்பும் ஒரு குறை சொல்லப்பட்டதுண்டு. வேலை நாட்களில் அவர் கடை இடியப்பம் வாங்குகிறார். தேங்காய் துருவிப் பால் பிழியாமல் பால்மாவைக் கரைத்துச் சொதி வைக்கிறார். அரிசியும் பருப்பும் மரக்கறியும் ஒரே பானையில் இட்டு அவித்து இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறார் என்பதே அது. அடுப்படியைச் சுருக்கியது முதற் குற்றம். அடுப்படியை விட்டு இரண்டு நாள் விலகியது இரண்டாங் குற்றம். கூர்ந்து நோக்கின் இவை இரண்டல்ல, ஒன்றே. ஒரு தாயின் அன்பு அவள் படும் பாட்டினாலேயே அளக்கப்படல் வேண்டும் என்ற நம்பிக்கையே இரண்டின் பின்னாலும் நிற்கின்றது. இந்நம்பிக்கையை நாம் ஆராய வேண்டும். இதனைச் சில்லறை வீட்டு விவகாரமென்று ஒதுக்குவோர் சமுதாயத்தின் பாதியை ஒதுக்குகின்றனர்.

நாம் பெருமையோடு பேசும் ‘கைப்பக்குவம்’ யாது? மாவை வறுத்து அரித்து, கொதிநீர் விட்டுக் குழைத்து, உரலில் இட்டுப் பிழிந்து, தட்டுத் தட்டாக அவித்து எடுத்தல். திருவலையில் இருந்து தேங்காய் துருவுதல். முதற்பாலும் இரண்டாம் பாலும் பிழிதல். அம்மியிற் சம்பல் அரைத்தல். பின் அத்தனை பாத்திரங்களையும் கழுவி அடுக்குதல். உண்பதற்குக் கால் மணித்தியாலம் போதும். ஆக்குவதற்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். சுவையை நாம் மறுக்கவில்லை. அதனை ஆக்கும் கலையையும் மதிக்கின்றோம். ஆனால் ஒரு கலை, ஆண்டில் முந்நூற்றறுபத்தைந்து நாளும் ஒருவர் மீதே கட்டாயமாகச் சுமத்தப்படும்போது கலையாக இராது, வெட்டிவேலையாக மாறிவிடும். பால்மாச் சொதி குடித்து வளரும் பிள்ளைக்கு அன்பு குறைந்துவிட்டதென்று சொல்வோர், துருவலையில் கழிந்த அரை மணித்தியாலத்தைத் தாய் அப்பிள்ளைக்குக் கதை சொல்லுவதிற் செலவிட்டிருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அல்லது ஒன்றுஞ் செய்யாமல் வாசற்படியில் இருந்திருக்கலாம். அதுவும் மனிதர்க்கு வேண்டியதே.

ஓய்வைப் பற்றிய சிந்தனை புதியதன்று. பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேர், ஓய்வு என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லாகும். அறிவும் அறமும் வளர ஓய்வு இன்றியமையாதது என அரிஸ்டோட்டில் கருதினார். ஆனால் அவ்வோய்வு சுதந்திர ஆடவர்க்கு உரியது. அதற்கு வேண்டிய உழைப்பை அடிமைகளும் பெண்களும் செய்வர். தறியின் நாடா தானே நெய்யுமாயின் எசமானர்க்கு அடிமைகள் தேவைப்படார் என்றும் அவர் எழுதினார். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, மார்க்ஸின் மருகரான போல் லபார்க், 1880 இல் எழுதிய ‘சோம்பலாயிருக்கும் உரிமை’ என்னும் நூலில் அக்கூற்றை எடுத்துக்காட்டி, நாடா தானே நெய்யும் காலம் வந்துவிட்டது. பின் ஏன் தொழிலாளி இன்னும் முதுகொடிய உழைக்கின்றான் என வினவினார்.

தொழிலாளி வர்க்கம் அவ்வினாவைப் போராட்டமாக மாற்றியது. பிரான்சில் 1936 இல் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தங்களின் பின், மக்கள் முன்னணி அரசாங்கம் வாரத்துக்கு நாற்பது மணித்தியால வேலையையும் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையையும் சட்டமாக்கியது. அவ்வாண்டுக் கோடையில், குறைந்த கட்டணப் புகையிரதச் சீட்டுடன், தம் வாழ்நாளில் முதன்முதலாகக் கடலைக் காணச் சென்றோர் பலர். இலங்கையில் 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டுக்குப் பதினான்கு நாள் வருடாந்த விடுமுறையையும் ஏழு நாள் அமைய விடுமுறையையும் வழங்கியது. இவை எவரும் இட்ட பிச்சையல்ல. போராடிப் பெற்ற உரிமைகள்.

ஆனால் இச்சட்டங்களுள் எதுவும் அடுப்படிக்குள் நுழையவில்லை. 1936 இன் கோடையிற் கடற்கரைக்குச் சென்ற தொழிலாளி அங்கே ஓய்ந்திருந்தான். அவன் மனைவி அங்கேயும் சமைத்தாள். நாடா தானே நெய்யத் தொடங்கியது போலவே மின்சார அடுப்பும் அரைக்கும் இயந்திரமும் வந்தன. எனினும் அவற்றின் பொத்தானை அழுத்தும் கை மாறவில்லை. உலகிற் கூலியின்றிச் செய்யப்படும் பராமரிப்பு வேலையின் மணித்தியாலங்களில் 76.2 சதவீதம் பெண்களுடையது என்று சர்வதேசத் தொழில் தாபனம் 2018 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. குடும்பத்தினுள் நிகழும் ஒடுக்குமுறையின் பொருளாதார வேரை ஏங்கெல்ஸ் 1884 இலேயே காட்டினார். வீட்டு வேலையின் சிறுமையிலிருந்து பெண்ணை விடுவிக்கும் பொது உணவுச்சாலைகளையும் குழந்தைக் காப்பகங்களையும் புதிய சமுதாயத்தின் முளைகளென லெனின் 1919 இற் போற்றினார். அம்முளைகள் வளர்ந்தன, ஆயின் முழு மரமாகவில்லை. சோவியத் நாட்டுப் பெண் பொறியியலாளராகவும் வைத்தியராகவும் ஆனாள். வேலை முடிந்து திரும்பியதும் வரிசையில் நின்று பொருள் வாங்கிச் சமைத்தவளும் அவளே. நாம் மெச்சிய நாடென்பதற்காக இவ்வுண்மையை மறைத்தல் தகாது.

ஆகவே அந்த ஆசிரியைக்கு ஓய்வெடுக்க உரிமை உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. கணவனும் மனைவியும் தாய் தந்தை என்ற வேடங்களைச் சற்றுக் கழற்றி வைத்து இரு மனிதராகப் பேசிக்கொள்ள இரண்டு நாள் வேண்டியிருப்பது குற்றமன்று. ஆனால் இந்த இடத்திலேயே நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையையே கூறியவர்களாவோம். மீதிப் பாதி கசப்பானது.

கடை இடியப்பம் தானே அவிவதில்லை. நம் ஊர்க் கடைகள் பலவற்றிற்கு இடியப்பம் அவித்துக் கொடுப்போர் வீட்டிலிருந்து உழைக்கும் பெண்கள். அவர்களுள் போரிற் கணவனை இழந்தோரும் உளர். ஆசிரியை ஆறு மணிக்கு வாங்கும் பொதிக்காக அவர்கள் விடியற்கு நெடுநேரம் முன்னரே அடுப்பு மூட்டுகின்றனர். ஒரு வீட்டில் மிச்சமான மணித்தியாலம் இன்னொரு வீட்டின் உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. பணம் கொடுத்தோமே என்பது பதிலாகாது. எவ்வளவு கொடுத்தோம் என்பதே கேள்வி. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வசதி படைத்தோர் ஒரு காலத்தில் மலையகத்துச் சிறுமியரைக் கொணர்ந்து வேலைக்கு வைத்து, தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். அவ்வீடுகளிற் படித்துப் பட்டம் பெற்றோர் நம்முள்ளும் இருக்கின்றனர். வீட்டு வேலையாட்களுக்கெனப் பிரித்தானியர் 1871 இல் இயற்றிய கட்டளைச் சட்டம் அவர்களைப் பதிவு செய்வதற்கு வழி வகுத்தது. அவர்களின் ஓய்வைப் பற்றி அது கவலைப்படவில்லை.

நுவரெலியா விடுதியின் யன்னலைத் திறந்தால் தெரிவது என்ன? பச்சைக் கம்பளம் போன்ற தேயிலை என்று பயணிகள் எழுதுவர். அக்கம்பளத்தின் மீது முதுகில் கூடையுடன் நிற்பவளும் ஒரு தாய். இருளோடு எழுந்து ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு நேரந் தவறாமல் வந்து நின்றவள். அவளும் பிள்ளையை விட்டுப் பிரிந்துதான் நாள் முழுவதும் இருக்கின்றாள். மாலையில் லயத்துக்குத் திரும்பி மீண்டும் அடுப்பு மூட்டுகின்றாள். ‘எப்படி மனம் வந்தது?’ என்று அவளை எவரும் கேட்பதில்லை. உழைப்பதற்காகப் பிள்ளையைப் பிரிந்தால் அது கடமை. ஓய்வதற்காகப் பிரிந்தால் அது பாவம். இதுவே நம் சமுதாயத்தின் ஒழுக்க நூல்.

அரசும் இந்நூலையே படித்திருக்கின்றது. வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்ல விரும்பும் தாய்க்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருப்பின் செல்லலாகாது என்ற கட்டுப்பாடு, 2013 இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை முறையால் விதிக்கப்பட்டது. பிள்ளை நலனே காரணமென்றனர். 2022 இல் நாட்டின் கையிருப்பில் டொலர் தீர்ந்தபோது அவ்வயதெல்லையை இரண்டாகக் குறைக்க அமைச்சரவை இணங்கியது. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தாய் வேண்டுமென்பது அறமாயின், டொலர் தீர்ந்ததும் அவ்வறம் எவ்வாறு மூன்று ஆண்டு சுருங்கிற்று? தந்தையர் வெளிநாடு செல்வதற்கு இத்தகைய எல்லை ஒருபோதும் விதிக்கப்படவில்லை என்பதையும் வாசகர் கவனிக்க.

இவற்றிலிருந்து நாம் காணும் முடிபு இதுவே: ஓய்வு பாவமுமன்று, பணமுள்ளோர் தனியே வாங்கி அனுபவிக்கும் பண்டமுமன்று. இன்னொருவரின் ஓய்வைத் தின்னாத ஓய்வே நேர்மையான ஓய்வு. அத்தகைய ஓய்வைத் தனியொரு குடும்பம் தன் சாமர்த்தியத்தாற் படைத்துவிட முடியாது. குடும்பத்துள் ஆடவன் அடுப்படிக்கு ‘உதவி’ செய்பவனாக அன்றி அதற்குப் பொறுப்பாளனாக வருதல் முதற்படி. ஆனால் அதுவே முடிவன்று. வேலைத்தலங்களிற் குழந்தைக் காப்பகம், பாடசாலைகளில் நல்ல மதிய உணவு, நியாய விலையில் தரமான பொது உணவுச்சாலை, இடியப்பம் அவிப்பவளுக்கும் வீட்டுப் பணியாளருக்கும் சட்டத்தால் உறுதியான ஊதியமும் விடுமுறையும் வேண்டும். இது கனவென்போர், எரிவாயுவும் எரிபொருளும் இன்றி நாடு தவித்த 2022 ஆம் ஆண்டை நினைவுகூர்க. அப்போது பல ஊர்களிற் சமூகச் சமையலறைகள் எழுந்தன, ஊரார் கூடிச் சமைத்தனர், கூடி உண்டனர். பசி வந்தபோது நம்மால் இயன்றது, ஓய்வின் பொருட்டு ஏன் இயலாது?

அந்த ஆசிரியையிடம் நாம் ஒருநாள் நுவரெலியாவைப் பற்றிக் கேட்டோம். வாவியையோ பூந்தோட்டத்தையோ அவர் அதிகம் சொல்லவில்லை. “இரண்டு நாளும், இரவுக்கு என்ன சமைக்கிறது எண்டு நான் யோசிக்கேல்லை. அதுதான் எனக்கு லீவு” என்றார். பின் சற்றுத் தயங்கி இன்னொன்றும் சொன்னார். திரும்பி வந்து பிள்ளைகளை அழைக்கச் சென்றபோது, எழுபது வயதைக் கடந்த மாமியார் அடுப்படியில் நின்று பேரப்பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தாராம். “போய் வந்தது நல்லது பிள்ளை,” என்று அன்போடு சொல்லிவிட்டு, நீத்துப்பெட்டியைக் கீழே வைத்துச் சிரித்தபடி கேட்டாராம்: “எனக்கு எப்ப லீவு தரப்போறியள்?”

மகனும் மருமகளும் சிரித்தனராம். ஆனால் பதில் சொல்லவில்லை. ஆசிரியர் அறையிற் கேட்கப்பட்ட கேள்வியைவிட இதுவே மெய்யான கேள்வி. அம்மூதாட்டி அதனைத் தம் மருமகளிடம் மாத்திரம் கேட்கவில்லை. நம் எல்லோரிடமும் கேட்டிருக்கின்றார்.