பாவமோ, பிணியோ?

வானவடியில் ஓர் அன்னை சென்ற வாரம் என்னிடம் கண்ணீருடன் வினவினார்: "ஐயா, காதில் யாரோ பேசுகிறார்களென்று என் மகன் இரவெல்லாம் விழித்திருக்கிறான். எப்பிறப்பில் நான் செய்த பாவம் இது?"

அன்பர்களே! துன்பமனைத்தும் முன்வினைப் பயனே என்பாரைப் பகவன் மறுத்தனர். பித்தம், ஐயம், வாதம், பருவமாறுதல் முதலியவற்றாலும் துன்பம் பிறக்குமென மோளியசீவகன் என்னும் துறவிக்கு அவர் உரைத்தமை சம்யுத்த நிகாயத்துள் உள்ளது. வினை அவற்றுள் ஒன்று மட்டுமே.

மனச்சிதைவு மூளையைச் சார்ந்த பிணி. 1952-ல் பாரிசு மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் மருந்தால் இந்நோயாளரின் அமளி தணியக் கண்டனர். மூளையில் டோபமின் என்னும் பொருளின் செயலை அது தடுக்கிறதென்பது பின்னர் விளங்கிற்று. பரம்பரைக்கும் பங்குண்டு. ஆயினும் உருவொத்த இரட்டையருள் ஒருவர்க்கு இந்நோய் வரின், மற்றவர்க்கும் வருவது ஏறத்தாழப் பாதி, அல்லது அதனினும் குறைவே. ஆகவே குலத்தின்மேல் முழுப் பழியையும் சுமத்தல் பொருந்தாது. நான் ஆலையில் நூல் நூற்றவன். ஓரிழை அறுந்ததற்கே பஞ்சு, ஈரம், கதிர் என்று பல காரணம் தேடுவோம்.

பேயென்று கொண்டதன் விளைவு யாது? 2001 ஆகஸ்டு 6-ல் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓடவியலவில்லை. 28 பேர் மாண்டனர். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடுத்துள்ளது.

ஆனால் "மூளை கெட்டவன், அவனிடம் என்ன கேட்பது?" என்பதும் ஒரு சங்கிலியே அன்றோ? அதனைப் படித்தவர்களே பூட்டுகின்றனர்.

"அம்மா, பாவம் உம்முடையதன்று" என்றேன். பின்னர் மகனருகில் அமர்ந்து, மருத்துவமனைக்கு என்று செல்லலாமென அவனையே கேட்டேன். நெடுநேரம் கழித்து, "வியாழக்கிழமை" என்றான்.