பையும் கயிறும்

முன்னொரு காலத்தில் ஒருவர் மற்றொருவரிடமிருந்து ஒரு நிலத்தை விலைக்கு வாங்கினார். அந்நிலத்தில் பொன் நிறைந்த சாடி ஒன்று கிடைத்தது. அவர் அதைத் தம் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. நிலத்தை விற்றவரிடமே கொண்டு போனார். தாம் விலை கொடுத்தது நிலத்துக்கேயன்றிப் பொன்னுக்கன்று என்றார். விற்றவரோ, நிலத்தையும் அதனுள் இருந்தவற்றையும் சேர்த்தே விற்றுவிட்டதாகக் கூறி அதை ஏற்க மறுத்தார். வழக்கு ஒரு நடுவரிடம் சென்றது. ஒருவருக்கு மகனும் மற்றவருக்கு மகளும் இருப்பதைக் கேட்டறிந்த அவர், அவ்விருவருக்கும் மணம் முடித்து, அப்பொன்னை அவர்களுக்காகச் செலவிடுமாறும் தருமம் செய்யுமாறும் தீர்ப்பளித்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காணப்படுகிறது.

இரு தரப்பாரும் எனக்கு வேண்டாம் என்று வாதாடிய வழக்கு அது. உலகம் அறிந்த புதையல் வழக்குகளோ எனக்கே வேண்டும் என்பவர்களின் வழக்குகள். அவற்றுள் நெடுங்காலம் நீடித்த ஒன்றை இங்கே ஆராய்வோம். நம் சிந்தனைக்கு உரிய ஓர் அறவினா அதனுள் அடங்கியிருக்கிறது.

1970-களில் இங்கிலாந்தில் உலோகம் கண்டறியும் கருவி எளிய மக்களும் வாங்கத்தக்க விலைக்கு வந்தது. தொழிலாளரும் ஓய்வு பெற்றோரும் விடுமுறை நாட்களில் அக்கருவியை ஏந்தி உழுத வயல்களில் பழம் பொருள்களைத் தேடலாயினர். தொல்பொருள் ஆய்வாளர்கள் அஞ்சினர். பாதுகாக்கப்பட்ட நினைவிடங்களில் இசைவின்றி இக்கருவியைப் பயன்படுத்துவதை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அது போதாதென்று, நம் கடந்த காலத்தைக் கவர்ந்து செல்வதை நிறுத்துங்கள் என்ற பொருள்படும் பெயரில் ஆய்வாளர்கள் 1980-இல் ஒரு பேரியக்கத்தைத் தொடங்கினர். கருவிக்காரர்களும் வாளாவிருக்கவில்லை. தங்களுக்கெனச் சங்கங்கள் அமைத்துக்கொண்டு, கட்டுப்பாடுகளை எதிர்த்துக் குரல் எழுப்பினர்.

அவர்களுடைய வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏர் முனையும் உரமும் ஆண்டுதோறும் அழித்துவரும் பொருள்களையே நாங்கள் காப்பாற்றுகிறோம் என்றனர். பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே வரலாறு சொந்தமா என்று கேட்டனர். சில திருடர்கள் இருப்பதால் எல்லாரையும் திருடர் என்பது நீதியா என்றும் வினவினர். அவர்கள் கேட்டதில் உண்மை உண்டு. அறிஞர் குழுக்கள் காணாத எத்தனையோ பொருள்களை இந்த எளியவர்களே கண்டெடுத்தனர். ஒருவன் தன் ஊர் மண்ணின்மீது கொண்ட ஆசையைக் குற்றமாக்கும் சட்டம் நல்ல சட்டமாகாது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. சர்ரே மாவட்டத்து வான்பரோ என்னும் ஊரில், பழைய கோயில் ஒன்று இருந்த இடம் 1980-களின் நடுவில் சூறையாடப்பட்டது. ஆயிரக்கணக்கான பழங்காசுகள் மறைந்தன. அன்றைய சட்டப்படி, ஒரு பொருள் அரசுக்குரிய புதையலாக வேண்டுமானால், அதைப் புதைத்தவர் மீண்டும் வந்து எடுக்கும் எண்ணத்தோடு புதைத்திருக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மாண்டவர்களின் எண்ணத்தை எந்த நீதிமன்றம் அறியும்? இந்தக் குறையைப் போக்க எழுந்ததே 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் புதையல் காண்பவர் 14 நாட்களுக்குள் விசாரணை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அருங்காட்சியகம் அதை விரும்பினால், சுதந்திரமான குழு மதிப்பிடும் சந்தை விலை வெகுமதியாகத் தரப்படும். பொதுவாகக் கண்டவரும் நிலத்துக்குரியவரும் அதைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வர்.

இனி நம் மார்க்கத்தின் பக்கம் திரும்புவோம். இஸ்லாத்திற்கு முந்திய காலத்தார் புதைத்த செல்வத்தை நம் சட்ட அறிஞர்கள் ரிகாஸ் என்பர். அதில் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்கப்பட வேண்டும் என்பது நபிமொழி. எஞ்சிய நான்கு பங்கு, நிலத்தின் உரிமை பற்றிய விதிகளுக்கு உட்பட்டு, கண்டவருக்குச் சேரும். இதைக் கேட்டதும் கருவிக்காரர்களின் கட்சியே வென்றது என்று சிலர் எண்ணலாம். செல்வத்தைப் பொறுத்தவரை அது ஓரளவு சரிதான். கண்டவனை வெறுங்கையோடு அனுப்புவதை ஷரீஅத் விரும்பவில்லை. முழுவதையும் அவனிடமே விட்டுவிடவும் இல்லை. ஆனால், மண்ணுக்குள் இருப்பது செல்வம் மட்டுமா?

கண்டெடுத்த பொருளை லுகதா என்று கூறும் மற்றொரு பகுதி நம் ஃபிக்ஹு நூல்களில் உண்டு. வழியில் கிடைத்த பொருளைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒருவர் வினவினார். அதன் பையையும் அதைக் கட்டியிருந்த கயிற்றையும் நன்கு அறிந்து வைத்துக்கொண்டு, ஓராண்டு காலம் மக்களுக்கு அறிவிக்குமாறு அவர்கள் பணித்தார்கள். பைக்கும் கயிற்றுக்கும் என்ன விலை? உள்ளிருக்கும் காசுக்கன்றோ விலை! ஆனால், உரியவன் வந்தால் அவனை இன்னான் என்று காட்டிக்கொடுப்பவை அந்த விலையற்ற பையும் கயிறுமே. காசு யார் கையிலும் ஒன்றுபோலவே இருக்கும். பையும் கயிறும் அதற்குரிய மனிதனைப் பற்றிப் பேசும்.

புதையலுக்கும் பையும் கயிறும் உண்டு. எந்த வயலில், எவ்வளவு ஆழத்தில், எதன் மேல் எது கிடந்தது என்பவையே அவை. 1992 நவம்பரில், சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸன் என்னும் சிற்றூரில், உழவர் ஒருவர் தம் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடித் தருமாறு கருவி வைத்திருந்த நண்பரை வேண்டினார். நண்பரின் கருவி ஒலித்த இடத்தில் ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும் கிடந்தன. அவர் சிறிதளவு எடுத்துப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்திக்கொண்டு செய்தி தெரிவித்தார். மறுநாள் ஆய்வாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தனர். கிடைத்தவை 14,865 நாணயங்களும் ஏறத்தாழ 200 பிற பொருள்களும். அவை ஒரு மரப்பெட்டிக்குள் அடுக்கப்பட்டிருந்தன என்பதும், உள்ளே சிறு பெட்டிகளும் வெள்ளிப் பூட்டுகளும் இருந்தன என்பதும், மரம் மக்கிய பின்னரும் தெரியவந்தன. கண்டவர் தம் கை அரிப்பை அடக்கிக்கொண்டதால் வரலாற்றுக்குக் கிடைத்த பை அது. 17.5 இலட்சம் பவுன் வெகுமதியை அவர் அந்த உழவரோடு பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. இன்று அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது!

2015-ஆம் ஆண்டு நடந்த இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்பதாம் நூற்றாண்டுப் புதையல்கள். இரண்டிலும் வெஸ்ஸெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட், மெர்சியா அரசர் சியோல்வுல்ஃப் ஆகியோரின் காசுகள் இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் வாட்லிங்டனில் ஒருவர் தாம் கண்டதை உடனே தெரிவித்தார். ஏறத்தாழ 200 நாணயங்கள் இருந்த அந்தப் புதையல், சுற்றிலும் இருந்த மண்கட்டியோடு பெயர்த்தெடுக்கப்பட்டு ஆராயப்பட்டது. ஹெரிஃபோர்ட்ஷயரின் லெம்ஸ்டர் அருகே இருவர் தாங்கள் கண்டதை மறைத்து, நாணயங்களைப் பிரித்து விற்றனர். சுமார் 300 நாணயங்கள் இருந்ததாக நம்பப்பட்டது. வழக்கு நடந்தபோது மீட்கப்பட்டிருந்தவை 31 மட்டுமே. 2019-இல் இருவரும் சிறைத்தண்டனை பெற்றனர்.

இதில் இழந்தது வெள்ளி மட்டுமன்று. வைக்கிங்குகளின் கைப்பாவை என்று வரலாற்றேடுகள் இகழ்ந்த சியோல்வுல்ஃப், ஆல்ஃபிரடுக்கு இணையான கூட்டாளியாக ஒரு காலம் விளங்கினார் என்பதை இத்தகைய காசுகளே உணர்த்துகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளாக ஒரு மனிதன்மீது படிந்த பழியை நீக்கவல்ல சாட்சிகள் அவை. சாட்சியை மறைப்பது எத்தகைய குற்றம் என்பதைத் திருமறை ஓதும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டேன் என்று ஒருவன் இதில் தப்பிக்கவும் முடியாது. பொன்னை ஐந்தாகப் பிரிக்கலாம். சாட்சியத்தைப் பிரித்தால் முழுவதுமே போய்விடும்.

உரியவனே மாண்டுபோன பிறகு யாருக்கு அறிவிப்பது என்று கேட்கலாம். உரியவன் மாண்டான், ஆனால் அவனைப் பற்றி அறிய வேண்டியவர்கள் இன்னும் பிறந்துகொண்டே இருக்கிறார்கள். பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தோர் முடிவு என்னவாயிற்று என்று பார்க்குமாறு திருமறை நம்மைப் பலமுறை ஏவுகிறது. பார்ப்பதற்கு அவர்களுடைய தடயம் இருக்க வேண்டுமன்றோ?

மற்றொரு வாதம் இன்னும் கூரியது. எகிப்தின் ரஷீதில் 1799-இல் பிரெஞ்சுப் படையினர் கண்ட கல்வெட்டைப் போர் வெற்றியின் பயனாகக் கைப்பற்றி, 1802 முதல் தன் தலைநகரில் வைத்திருக்கும் நாடு, சில காசுகளை எடுத்த ஏழையைத் திருடன் என்கிறதே என்பது அது. இந்தக் கேள்வியின் நியாயத்தை நாம் உணர்கிறோம். அரசுகளின் கை தூயது என்று சான்று கூற யாராலும் முடியாது. ஆனால் பெரியவர் செய்த பிழை சிறியவருக்கு உரிமைச்சீட்டு ஆகிவிடாது. அந்த வாதத்தால் கிடைப்பது அரசின்மீது ஒரு வழக்கேயன்றி, கண்டவனுக்கு விடுதலையன்று.

சட்டத்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2010-இல் கம்பிரியாவின் கிராஸ்பி காரட்டில் முகமூடியோடு கூடிய ரோமானியத் தலைக்கவசம் ஒன்று கிடைத்தது. அது பொன்னோ வெள்ளியோ அன்று, செம்புக் கலவை. ஆதலால் சட்டத்தின் பார்வையில் புதையல் ஆகவில்லை. ஏலத்தில் சுமார் 23 இலட்சம் பவுனுக்குத் தனியார் ஒருவர் கைக்குப் போயிற்று. அருகிலிருந்த கார்லைல் நகர அருங்காட்சியகம் முயன்றும் பெற முடியவில்லை. 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, சிறப்பு வாய்ந்த உலோகப் பொருள்களையும் புதையலாகக் கொள்ளும் திருத்தம் 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் எப்போதும் பின்னால்தான் நடந்து வருகிறது. அதற்கு முன்னால் நடக்க வேண்டியது மனிதனின் உள்ளம்.

அது நடக்கக்கூடியதே என்பதற்கும் அந்நாடே சான்று தருகிறது. சட்டம் கேட்காத சாதாரணப் பொருள்களையும் மனமுவந்து தெரிவிப்பதற்கென 1997-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதில் இதுவரை 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தெரிவித்தவர்கள், முன்பு ஆய்வாளர்களால் பகைவராகக் கருதப்பட்ட அதே கருவிக்காரர்கள்தாம். அவமதித்தபோது எதிர்த்தவர்கள், நம்பிக்கை வைத்தபோது நம்பிக்கைக்கு உரியவர்களாயினர். சட்டம் இயற்றுவோர் கற்க வேண்டிய பாடம் இது.

திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில், விழவிருந்த சுவர் ஒன்றைக் கூலி பெறாமல் செப்பனிட்ட அடியார் ஒருவரின் வரலாறு வருகிறது. அச்சுவரின் கீழே இரு அநாதைச் சிறுவர்களுக்குரிய புதையல் இருந்தது. அவர்கள் வளர்ந்து பருவம் எய்தும்வரை அது வெளிப்படலாகாது என்பதே இறைவனின் நாட்டமாக இருந்தது. நிலத்தடியில் இருப்பவற்றுள் ஒரு பகுதி, இன்னும் பருவம் எய்தாத ஒரு தலைமுறைக்கு உரியது. அதன்மேல் தற்செயலாகக் கால் வைத்தவர் அதற்குச் சொந்தக்காரர் அல்லர், அமானிதக்காரர். அவருக்கு வெகுமதி உண்டு, நன்றியும் உண்டு. பையையும் கயிற்றையும் அறுத்தெறியும் உரிமை மட்டும் இல்லை.