வாங்கி வந்த வரமும் எழுதி வைத்த ஏடும்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கடந்து, கொல்லிமலையின் வளப்பூர்நாட்டில் அறப்பளீசுவரர் ஆலயத்தை ஒட்டி ஓடும் ஐயாற்றங்கரையில், அறுபட்ட மீன்களை இறைவன் மீண்டும் பொருத்தி உயிர்ப்பித்து ஓடவிட்டான் என்னும் ஸ்தல ஐதீகத்தை நினைத்தபடி நான் அமர்ந்திருந்தபோது, பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர், மார்பில் கட்டி கண்டு மாண்டுபோன தம் உறவுக்காரப் பெண்ணின் கதையைச் சொல்லி, “அது அவ வாங்கிட்டு வந்த வரமுங்க” என்று முடித்தார்.

மங்கலமான ஒரு சொல்லால் மகா துக்கத்தை மூடிவிடுவது நம் ஜனங்களின் பண்பு. அந்தச் சொல் இறந்தவளின் தாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். அதைப் பறிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் ஆறுதல் சொன்ன அதே வாய், அடுத்த வீட்டில், “என்ன பாவம் செய்தாளோ” என்று திரும்பிவிடுகிறது. அதைக் கேட்டவள் தன் கட்டியை மறைக்கிறாள்.

நோய் பாவத்தின் கூலிதானா? இத்தாலியின் வெரோனா நகரில், 1760 முதல் 1839 வரையிலான மரணக் குறிப்புகளைப் பொறுமையோடு புரட்டிய ரிகோனி ஸ்டெர்ன் என்னும் மருத்துவர், 1842-ல் வெளியிட்ட முடிவு இக்கேள்வியை வேறொரு வாசலுக்குக் கொண்டு சென்றது. உலக சுகத்தைத் துறந்து பிரார்த்தனையில் வாழ்ந்த கன்னியாஸ்திரீகளிடத்தே மார்பகப் புற்று மிகுதியாகவும் கருப்பைப் புற்று அரிதாகவும் இருந்ததை அவர் கண்டார். பாவமே காரணமென்றால் மடத்துச் சுவர்களுக்குள் இரண்டுமே குறைந்திருக்க வேண்டுமல்லவா? பிள்ளை பெறாமையும் பாலூட்டாமையும் முன்னதற்குத் துணைபோவதையும், பின்னதில் அடங்கிய கருப்பைவாய்ப் புற்றுக்கு உடலுறவின் வழியே பரவும் ஒரு வைரஸ் மூலமாக இருப்பதையும் பிற்காலத்தார் அறிந்தனர். திசுக்கள் புண்ணியக் கணக்கைக் கேட்பதில்லை.

அந்த மருத்துவர் தனியொருவராய்ச் செய்ததை நம் தேசம் 1982 முதல் ஒழுங்குமுறையோடு செய்துவருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடுகள் இடம்பெற்றன. சென்னைப் பதிவேட்டை ஏற்றது, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம். 2012-ல் தொடங்கிய தமிழ்நாட்டுத் திட்டமோ மாநிலம் முழுவதையும் தன் எல்லையாகக் கொண்டது. நோயாளி தேடி வருவாரென்று காத்திராமல், பணியாளர்களே மருத்துவமனைகளுக்கும் திசுப் பரிசோதனைக் கூடங்களுக்கும் இறப்புப் பதிவு அலுவலகங்களுக்கும் சென்று, வயது, ஊர், நோய் கண்ட உறுப்பு, கண்ட நாள் என்று குறித்து, ஒருவரே இருமுறை ஏறாதபடி ஒத்துப்பார்க்கிறார்கள். இவர்களைச் சித்திரகுப்தனுக்கு ஒப்பிடத் தோன்றுகிறது. ஆனால் ஒரு பேதம் உண்டு. இந்த ஏட்டில் நோயாளி நல்லவரா கெட்டவரா என்ற பத்தி கிடையாது.

வினைக் கொள்கையை நான் இகழவில்லை. சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாக வகுத்த நம் சித்தாந்திகள், மூன்றாவது இன்று நம் கையால் சேர்வது என்றே சொன்னார்கள். நாமோ பிராரப்தத்தை மட்டும் நாவில் வைத்துக்கொண்டு, வாயில் அடக்கிய புகையிலையை ஆகாமியமென்று எண்ண மறந்தோம்.

ஏட்டுக்கும் எல்லையுண்டு. புகையிலை மெல்லுவோர் கூட்டத்தில் வாய்ப்புற்று மிகுதி என்று அது சொல்லும். அறுபதாண்டு மென்ற கிழவர் நலமாயிருக்க, தொட்டறியாதவள் துன்புறுவது ஏன் என்று கேட்டால் வாய் திறவாது. அது திரளின் பாஷை, “எனக்கு ஏன்?” என்பது தனி ஜீவனின் அழுகை. அழுகைக்குச் சந்நிதி இருக்கிறது. ஆனால் சந்நிதிக்குப் போனவள் பரிசோதனைக்கும் போகவேண்டும்.

ஏடு சரியாயிருக்க நம் பங்கும் உண்டு. கொல்லிமலையின் ஜனத்தொகை சுமார் 40,000. இத்தனை சிறிய தொகையில் ஓராண்டில் ஒருவர் விடுபட்டாலும், லட்சத்துக்கு இத்தனை பேர் என்னும் விகிதம் இரண்டரை குறைந்துவிடும். மலைவாசிகள் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ சிகிச்சைக்கு இறங்குகிறார்கள். பதிவேடு கேட்பது வைத்தியம் நடந்த இடத்தையல்ல, குடியிருக்கும் ஊரை. சௌகரியத்துக்காகக் கீழே உள்ள உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டால், நோய் சேலத்தின் கணக்கில் ஏறி, மலை நோயற்றதாகத் தோன்றும். ஆகையால், மலையிலிருந்து இறங்கிப்போகும் அன்பர்களே, ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்கும்போது கூசாமல், வளப்பூர்நாடு என்பதுபோல் உங்கள் நாட்டின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லுங்கள்.