அதிபர் வீட்டுக்குப் போன பெட்டிகள்

உங்கள் மன்றத்துச் செயலாளர் பதவி முடிந்து போகும்போது கூட்டக் குறிப்புப் புத்தகத்தையும் கடிதக் கோப்புகளையும் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால், "நான்தானே எழுதினேன், அது என்னோடது" என்கிறார். சும்மா விடுவோமா? அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பெரிய சண்டையே வந்துவிடும். ஆனால் அமெரிக்க அதிபர் பதவியில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இதுதான் வழக்கம். பெரும்பாலோர் அதைத் தப்பு என்றுகூட நினைக்கவில்லை.

ஜார்ஜ் வாஷிங்டன் பதவியை விட்டு இறங்கியபோது தம் காகிதங்களை மவுண்ட் வெர்னன் வீட்டுக்குக் கொண்டு போனார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். நாட்டின் வரலாறு இப்படி ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் போய்விட்டால் என்ன ஆகும்? லிங்கனின் காகிதங்களை அவர் மகன் ராபர்ட், தாம் இறந்து 21 ஆண்டுகள் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். மக்கள் அவற்றைப் பார்த்தது 1947இல், லிங்கன் சுடப்பட்டு 82 ஆண்டுகளுக்குப் பிறகு. அதாவது கிடைத்ததே. ஹார்டிங் 1923இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அவர் மனைவி நிறையக் காகிதங்களை எரித்துவிட்டார். அடுப்பில் போனதை எந்தச் சட்டம் திருப்பிக் கொண்டு வரும்?

ரூஸ்வெல்ட் கொஞ்சம் வித்தியாசமானவர். தம் காகிதங்களை நாட்டுக்கே கொடுத்து, அவற்றுக்காக ஒரு நூலகமும் கட்ட வைத்தார். அது 1941இல் திறக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனாலும் அது தானம். தானம் என்றாலே கொடுப்பவருடைய சொந்தப் பொருள் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. விருப்பம் இல்லாவிட்டால் கொடுக்காமலும் இருக்கலாம்.

நிக்சன் காலத்தில்தான் கண் திறந்தது. வாட்டர்கேட் விவகாரத்தில் 1974 ஆகஸ்ட் 9இல் பதவி விலகினார். தம் அலுவலகப் பேச்சுகளை அவரே இரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். ஏறக்குறைய 3,700 மணி நேர ஒலிநாடாக்கள்! அடுத்த மாதமே அரசாங்கம் அவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன்படி அந்த நாடாக்களை ஒரு கட்டத்தில் அழிக்கவும் வழி இருந்தது. நாடாளுமன்றம் பதறிப்போய் டிசம்பரில் தனிச் சட்டம் போட்டு எல்லாவற்றையும் அரசின் பொறுப்பில் வைத்தது. நிக்சன் வழக்குப் போட்டார். 1977இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது.

கதை அங்கே முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து வேறொரு நீதிமன்றம், பழைய வழக்கப்படி அவை நிக்சனின் சொத்து என்றும், எடுத்துக்கொண்டதற்கு இழப்பீடு உண்டு என்றும் சொன்னது. 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் 1 கோடியே 80 இலட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒருவர் செய்த தவற்றுக்குச் சாட்சியாக இருந்ததையே காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. கேட்டால் கோபம் வருகிறது இல்லையா? ஆனால் நீதிபதிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருநூறு ஆண்டுகள் "உன்னுடையது" என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் காலையில் "இல்லை" என்றால் விலை கேட்கத்தானே செய்வார்கள்.

இனிமேல் இந்தச் சிக்கலே வேண்டாம் என்றுதான் 1978இல் அதிபர் ஆவணச் சட்டம் வந்தது. 1981 ஜனவரி 20 முதல், அதாவது ரீகன் பதவியேற்ற நாள் முதல், அதிபரின் அலுவல் ஆவணங்கள் நாட்டுக்குச் சொந்தம். பதவி முடிந்த நொடியே அவை தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்புக்குப் போகும். 5 ஆண்டுகள் கழித்து யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் நாட்டுப் பாதுகாப்பு, ஆலோசகர்களோடு நடந்த அந்தரங்கப் பேச்சு போன்ற சில வகைகளை 12 ஆண்டுகள் வரை அதிபர் பூட்டி வைக்கலாம்.

மக்களுக்குச் சொந்தமானது என்றால் 12 ஆண்டுகள் பூட்டு எதற்கு?

லிண்டன் ஜான்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் தொலைபேசிப் பேச்சுகளைப் பதிவு செய்தவர்தான். தாம் இறந்து 50 ஆண்டுகளுக்கு யாரும் கேட்கக் கூடாது என்று சொல்லி வைத்தார். 1973 ஜனவரியில் இறந்தார். கணக்குப்படி 2023 வரை பூட்டு. ஆனால் அவருடைய நூலகத்தின் இயக்குநர் 1990களிலேயே நாடாக்களைத் திறக்கத் தொடங்கிவிட்டார். 1964 மே மாதப் பேச்சு ஒன்றில், வியட்நாம் போரில் சண்டையிட்டுப் பயன் இருக்கிறதா என்றே தமக்குத் தெரியவில்லை என்று ஜான்சன் புலம்புகிறார். மறு ஆண்டே பெரும்படையை அனுப்பினார். அந்தப் போரில் 58,000க்கும் அதிகமான அமெரிக்கர்கள் இறந்தார்கள். வியட்நாமியர்களோ பல இலட்சம் பேர். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் 2023 வரை இருந்து அந்தக் குரலைக் கேட்க முடியுமா?

இதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அடுத்த மாதமே ஊர் கேட்கும் என்று தெரிந்திருந்தால் ஜான்சன் அந்தச் சந்தேகத்தை வாய் விட்டுச் சொல்லியிருப்பாரா? மாட்டார். தைரியமான பேச்சு மட்டும்தான் பதிவாகியிருக்கும். சந்தேகப்படக்கூட இடம் இல்லாத அறையில் நல்ல முடிவு பிறக்காது. ஆகவே கொஞ்ச காலப் பூட்டு நியாயம்தான் என்பது என் கருத்து. சாவி யார் கையில், எத்தனை நாளைக்கு என்பதில்தான் வம்பு. 2001இல் இளைய புஷ், முன்னாள் அதிபர்களும் அவர்கள் வாரிசுகளும் வெளியீட்டைத் தடுக்கலாம் என்று உத்தரவு போட்டார். பிள்ளைகள் கையில் சாவி! அப்புறம் ராபர்ட் லிங்கன் காலத்துக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஒபாமா பதவியேற்ற மறுநாளே அதை நீக்கினார்.

சட்டத்தின் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. எது அலுவல், எது சொந்தம் என்று முதலில் பிரிப்பவர் அதிபரேதான். மீறினால் அந்தச் சட்டத்தில் தண்டனையும் இல்லை. டிரம்ப் காலத்து ஆவணங்களில் கிழிக்கப்பட்டவை இருந்தன, சிலவற்றை ஊழியர்கள் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள் என்று காப்பகமே சொன்னது. 2022 ஜனவரியில் அவர் வீட்டிலிருந்து 15 பெட்டிகள் திரும்பி வந்தன. ஆகஸ்டில் எஃப்பிஐ போய்ச் சோதனை போட்டது. 2023இல் வந்த குற்றச்சாட்டுகள்கூட இந்தச் சட்டத்தின் கீழ் அல்ல, பாதுகாப்பு இரகசியங்கள் பற்றிய வேறு சட்டங்களின் கீழ். 2024இல் நீதிபதி வழக்கைத் தள்ளினார், சிறப்பு வழக்கறிஞரை நியமித்த முறை சரியில்லை என்ற காரணத்தால். அவர் தேர்தலில் வென்றதும் மேல்முறையீடும் கைவிடப்பட்டது. செய்தாரா இல்லையா என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதிலே சொல்லவில்லை. பைடன் வீட்டிலும் இரகசியக் காகிதங்கள் கிடைத்தன. அவர்மேல் வழக்கே போடவில்லை.

ஆக, பதவியில் இருக்கிறவருக்கு நாணம் இருக்கும் என்று நம்பித்தான் இந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. 2014இல் ஒரு திருத்தம் வந்தது. சொந்த மின்னஞ்சலில் அலுவல் செய்தி அனுப்பினால் 20 நாளுக்குள் அரசாங்கக் கணக்குக்கு ஒரு நகல் போக வேண்டும். படித்ததும் தானாக மறைந்துபோகும் கைபேசிச் செய்திகளை நாமே தினமும் அனுப்புகிறோம். அங்கே நகல் எடுக்க என்ன மிஞ்சும்?

ஒபாமாவின் ஆவணங்களைக் கேட்கும் உரிமை 2022இல் வந்துவிட்டது. ஆலோசகர் பேச்சுகளுக்கான 12 ஆண்டு எல்லை 2029 ஜனவரி 20இல் முடிகிறது. அவர் முதல்முறை பதவியேற்ற நாளில் பிறந்த குழந்தைக்கு அன்றைக்கு இருபது வயது நிறைந்திருக்கும்.