மூக்கு வளராத பொய்

குழந்தைகளுக்கு மாயக் கதை சொல்வது அறமாகுமா? பேசும் விலங்கும் பறக்கும் கம்பளமும் உலகில் இல்லையென அறிந்த நாமே அவை உண்டென்று கூறுவது பொய்யுரை ஆகாதோ? இவ்வினா மிகப் பழையது. செவிலியரும் அன்னையரும் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளை ஆராய்ந்து தேர்ந்த பின்னரே இசைவளிக்க வேண்டுமெனப் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில் வற்புறுத்தினார்.

விடை காண, பொய்யையே பொருளாகக் கொண்ட மாயக் கதை ஒன்றை நோக்குவோம். இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொலோடி 1881-இல் சிறுவர் வார இதழொன்றில் தொடங்கி 1883-இல் நூலாக வெளிவந்த 'பினோக்கியோ' அது; மரப்பாவை ஒன்று மனிதப் பிள்ளையாகும் வரலாறு. முதலில் கொலோடி 15-ஆம் அத்தியாயத்திலேயே பினோக்கியோவைக் கயவர் கையால் மரத்தில் தூக்கிலிட்டுக் கதையை முடித்துவிட்டார். இளம் வாசகர்கள் அம்முடிவை ஏற்கவில்லை, கதை தொடர்ந்தது. பொய் சொன்னால் மூக்கு நீளும் புகழ்பெற்ற நிகழ்ச்சி, அவன் உயிர் பிழைத்த பிறகு, 17-ஆம் அத்தியாயத்திலேதான் வருகிறது. அங்கே தேவதை அவனைச் சிறிது நேரம் அழவிட்டு, பின்னர் மனமிரங்கி, ஆயிரம் மரங்கொத்திகளை அழைத்து மூக்கைக் குறைக்கிறாள்.

இந்நூலில் மூக்கு வளராத பொய்யும் ஒன்றுண்டு. பனி பொழியும் நாளில் ஏழைத் தந்தை ஜெப்பெட்டோ தம் பழைய மேலங்கியை விற்று, மகனுக்கு அரிச்சுவடி வாங்கி வருகிறார். ஏன் விற்றீர்கள் எனக் கேட்ட பிள்ளைக்கு, அது மிகவும் வெப்பமாக இருந்தது என்கிறார். பினோக்கியோ ஏமாறவில்லை; உட்பொருள் உணர்ந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். எனினும் பள்ளிக்குச் செல்லும் வழியிலேயே அந்த அரிச்சுவடியை விற்றுப் பொம்மலாட்டம் காணப் போய்விடுகிறான்! அன்போ கதையோ ஒரே நாளில் எவரையும் திருத்திவிடுவதில்லை என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை.

மகன் பொய் சொன்னது தன் கையிலிருந்த பொற்காசை மறைக்க. தந்தை சொன்னது தம் துன்பத்தை மறைக்க. வாய்மையை அதன் விளைவால் அளந்த வள்ளுவர் இவ்விரண்டையும் ஒரு தட்டில் வைத்திருக்கமாட்டார். மாயக் கதையோ எதையும் மறைப்பதில்லை. 'ஒரே ஒரு ஊரிலே' என்று தொடங்கும்போதே, இது கற்பனை என்னும் உடன்பாடு சொல்வோருக்கும் கேட்போருக்கும் இடையே ஏற்பட்டுவிடுகிறது. இது உண்மையில் நடந்ததா எனக் குழந்தை கேட்டால், "இல்லை, கதைதான்" என்று தயங்காமல் சொல்லலாம். அதனால் கதையின் சுவை குன்றாது.

நாம் அஞ்ச வேண்டிய பொய் வேறு. கடன் கொடுத்தவர் கதவைத் தட்டும்போது, "அப்பா வீட்டில் இல்லையென்று சொல்" எனப் பிள்ளையை அனுப்புகிறோமே, அதற்கு எந்த மரங்கொத்தியை அழைப்பது? சிள்வண்டு பேசாது என்பது குழந்தைக்குத் தெரியும். அப்பா உள்ளறையில் இருக்கிறார் என்பதும் தெரியும்.