திறந்த உள்ளங்கை

அடுத்த வீட்டுப் பையன் கணினியில் விண்வெளி ராஜ்யம் ஆளுகிறான். 1993-ல் வந்த பழைய ஆட்டம், மாஸ்டர் ஆஃப் ஓரியன். அண்டத்து இனங்கள் கூடித் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் சபை ஒன்று அதில் உண்டு. ஜனத்தொகைக்கு ஏற்ற ஓட்டு. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் வெற்றி. யார் யாருக்குப் போட்டார்கள் என்பது திரையில் வரிசையாக வந்துவிடும். ஒரு மாலை அவனுக்கு ஓட்டுக் குறைந்துபோயிற்று. "எனக்குப் போடாதவன் யாருன்னு தெரிஞ்சிடுச்சு, அங்கிள். மொதல்ல அவனத்தான் அடிக்கணும்" என்றான். வேறோர் ஆட்டம் முடிவை மட்டும் சொல்கிறதாம், கணக்கைக் காட்டாதாம். அதையும் திட்டினான்: "சும்மா நம்பர் சொன்னா எப்படி நம்பறது?"

தேர்தல் என்ற காரியத்தின் தார்மிகப் பிரச்னை முழுதும் இந்த இரண்டு கோபங்களுக்கு நடுவில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

முடிவு யாருக்காக அறிவிக்கப்படுகிறது? ஜெயித்தவனுக்கு நிரூபணம் தேவையில்லை. கணக்கில் பிழை இருந்தாலும் அவனுக்கு அது இனிக்கும். நிரூபணம் தோற்றவனுக்காக. 'நான் தோற்றது மெய்' என்று அவனைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள வைக்க முடியாத தேர்தல், சண்டையை ஒத்திப்போடுகிறதே தவிரத் தீர்ப்பதில்லை.

நம்மவர் பெருமையோடு பிரஸ்தாபிக்கும் உத்திரமேரூருக்கு இது தெரிந்திருந்தது. பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. சபையார் கூடியிருக்க, வயதில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஓலை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்த பிறகு மற்றவர்களும் வாசிக்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருவன் மத்தியஸ்தனின் விரலிடுக்கைச் சந்தேகித்திருக்கிறான். அந்தச் சந்தேகத்தைச் சபை அவமதிப்பாக எண்ணாமல் விதியாக்கியிருக்கிறது.

ஆனால் அங்கே திறந்து வைப்பது சுலபம். நிலமும் சொந்த மனையும் வேத ஞானமும் உள்ள ஆண்களின் வட்டம் அது. தேர்ந்தெடுத்ததோ சீட்டுக் குலுக்கல். யாரும் யாரையும் நிராகரிக்கவில்லை. எனவே மறைக்க ஒன்றுமில்லை. நிலமில்லாதவனும் பெண்ணும் ஓட்டுப் போட வந்த பிறகு நிலைமை வேறு. நிலத்துக்காரனை நிராகரித்துவிட்டு மறுநாள் அவன் வயலுக்கே கூலிக்குப் போக வேண்டியவனுக்கு இரகசியம் உயிர்க்காப்பு.

ஆக, எண்ணுவது வெளிச்சத்தில், போடுவது இருட்டில். சீட்டுக் காலத்தில் இரண்டும் ஓரளவு ஒத்துப்போயின. சீட்டைக் கண்ணால் பார்த்து எண்ணினார்கள். பயம் இருந்த இடங்களில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்துவிட்டு எண்ணவும் 1961-ஆம் ஆண்டு விதிகளில் வழி செய்யப்பட்டது.

1982-ல் கேரளத்தின் பரூரில் தலைகாட்டிய இயந்திரம், 2001 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதற்கும் வந்தது. அது இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிவிட்டதை நாம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. எண்ணும் இடத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எண் மட்டும் வரும். ஆனால் ஒவ்வொரு சாவடியும் எப்படி ஓட்டுப் போட்டது என்பது படிவம் 20-ல் அச்சாகிவிடும். தெரிய வேண்டியது மறைந்து, மறைய வேண்டியது தெரிகிறது.

முதல் குறைக்கு மருந்தாகக் கண்ணாடி ஜன்னலுக்குள் ஏழு விநாடி தெரியும் காகிதச் சீட்டு வந்தது. 2019 முதல் சட்டசபைத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளில் அதை எண்ணிச் சரிபார்க்கிறார்கள். எல்லாவற்றையும் எண்ணச் சொன்ன வழக்கை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றமோ 2009-ல் வேறு அளவுகோல் வைத்தது: விசேஷத் தொழில்நுட்ப அறிவில்லாத பிரஜையும் முக்கியமான கட்டங்களைச் சரிபார்க்க முடிய வேண்டும். உத்திரமேரூர் மத்தியஸ்தனின் கை எனக்கு ஞாபகம் வருகிறது.

இரண்டாவது குறைக்கும் மருந்து உண்டு. பல சாவடி இயந்திரங்களின் கணக்கைச் சேர்த்தே காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-ல் முன்வைத்தது. சட்ட ஆணையம் 2015-ல் ஆதரித்தது. நடைமுறைக்கு வரவில்லை. ஆட்சேபணை அற்பமானதல்ல: சாவடிக் கணக்கு தெரிந்தால்தான் முகவர் தன் குறிப்போடு ஒப்பிட்டு மோசடியைப் பிடிக்க முடியும். ஒரே தாள் ஒருவனுக்குச் சாட்சி, இன்னொருவனுக்கு வேவு.

கொரட்டூர் ரயில் நிலையத்தருகே டீக்கடையில், ஒரு தேர்தலுக்குப் பின், கட்சிக்காரர் ஒருவர் அந்தத் தாளை மடியில் விரித்துப் பென்சிலால் சுழித்துக்கொண்டிருந்தார். "நம்ம தெரு வாங்குன லட்சணத்தப் பாருங்க சார்" என்றார். ஆயிரத்துச் சொச்சம் பேரின் எண் அது. அதற்குள் என் ஓட்டு எது என்று அவருக்குத் தெரியாது. இருந்தும் நான், கேட்காமலே, "நான் உங்களுக்குத்தான் போட்டேன்" என்றேன். அது பொய். யாரும் மிரட்டவில்லை. தாள் ஒன்று போதுமாக இருந்தது.

வெளிப்படை என்பது ஒரு நற்குணமல்ல. அதற்குத் திசை உண்டு. எளியவன் அதிகாரத்தைப் பார்ப்பது வெளிப்படை. அதிகாரம் எளியவனைப் பார்ப்பதற்கு வேறு பெயர். குடத்தை உயரத் தூக்கிக் காட்டச் சொல்லும்போதெல்லாம், எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்று நான் டீக்குக் காசு கொடுக்கப் போனேன். அவர் விடவில்லை, அவரே கொடுத்தார்.