வள்ளியின் அண்ணன்மார்

வள்ளி திருமணம் நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவர்கூட வள்ளியின் அண்ணன்மார் பக்கம் நின்றதில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் அந்த நாடகம் மதுரை வட்டாரத்துத் திருவிழா மேடைகளில் இன்றும் நடக்கிறது. தினைப்புனத்துக்கு முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், குறவர் வீட்டுப் பெண்ணோடு வம்பளக்கிறான், கடைசியில் அவளை அழைத்துக்கொண்டு போய்விடுகிறான். அப்பன் நம்பிராசனும் அண்ணன்மாரும் வில்லோடு விரட்டி வருகிறார்கள். சேவல் கூவுகிறது, அத்தனை பேரும் விழுந்து மடிகிறார்கள். பிறகு நாரதர் வந்து எடுத்துச் சொல்ல, எல்லோரும் உயிர்பெற்று எழுந்து ஊரறியக் கல்யாணம் நடக்கிறது. விரட்டி வந்தவர்கள் தோற்றதில் கூட்டத்துக்கு அவ்வளவு சந்தோஷம்.

மதுரைத் திருநகரில் குடியிருப்பவர்களுக்குத் திருப்பரங்குன்றம் கூப்பிடு தூரம். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த தலம் என்பதால் முகூர்த்த நாளில் மலையடிவாரம் கல்யாண வீட்டுக்காரர்களால் நிரம்பிவிடும். பங்குனியில் நடக்கும் சாமி கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து மீனாட்சியும் சொக்கநாதரும் புறப்பட்டு வருகிறார்கள். ஆக, நம் சாமிக்கு இரண்டு கல்யாணம். ஒன்று பெரியவர்கள் கூடி நடத்தியது, மற்றது கூட்டிக்கொண்டு ஓடியது. இரண்டு மனைவிகளையும் இரண்டு பக்கமும் நிறுத்தி ஒரே தீபாராதனைதான் காட்டுகிறோம். ஓடிப்போய்க் கல்யாணம் செய்வதை இத்தனை கொண்டாட்டமாகக் கும்பிடும் மக்கள் உலகத்தில் குறைவு என்று நினைக்கத் தோன்றும்.

ஆனால் புராணம் எழுதியவர்கள் இந்த இடத்தில் ஒரு வேலை பார்த்திருக்கிறார்கள். வள்ளி குறவர் குடிலில் வளர்ந்தவள்தான், ஆனால் குறவர் மகள் இல்லையாம். முற்பிறவியில் அவள் திருமாலின் மகள் சுந்தரவல்லி, தெய்வானை அவளுடைய அக்காள் அமுதவல்லி. திருமால் யார்? பார்வதியின் அண்ணன், முருகனுக்குத் தாய்மாமன். அப்படியானால் வள்ளி மாமன் மகள், முறைப்பெண். சாதி விட்டுச் சாதி நடந்த ஒரு காதலைக் கடைசியில் சொந்தத்துக்குள் நடந்த கல்யாணமாக மாற்றிவிட்டார்கள். சாமியே ஆனாலும் முறை இல்லாமல் கட்டக்கூடாது என்பதுதான் அதற்குள் இருக்கும் தீர்ப்பு.

இது ஒரு கதையோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே மதுரை வீரன் இருக்கிறான். பொம்மண நாயக்கர் மகள் பொம்மி வயதுக்கு வந்து தனிக் குடிசையில் இருந்தபோது, காவலுக்குப் போக வேண்டிய வளர்ப்புத் தந்தைக்குப் பதிலாக மழை இரவில் போனவன் அவன். காதலித்தார்கள், ஓடினார்கள். படையோடு துரத்தி வந்த அப்பன் சண்டையில் செத்தான். பிறகு திருமலை நாயக்கரிடம் வந்து, அழகர்மலைப் பக்கம் களவை அடக்கி, அரண்மனைப் பெண் வெள்ளையம்மாளால் பழிக்கு ஆளாகி, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்தான் என்பது கதை. அவனும் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன்தான், ஆனால் காசி ராசா மகன் என்று கதைப்பாடல் சொல்கிறது. கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவனாம். எம்.ஜி.ஆர். நடித்து 1956இல் வந்த படமும் அதையே காட்டியது. அருந்ததியர் மக்கள் தங்களுக்குள் சொல்லும் கதையில் காசி ராசா இல்லை. அவர்களுக்கு வீரன் தங்கள் வீட்டுப் பிள்ளை.

இன்னும் தெற்கே போனால் முத்துப்பட்டன். ஊர் திரும்பும் கதை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். பிராமணப் பிள்ளை, அண்ணன்மாரோடு மனத்தாங்கலாகி மலையாளத்துப் பக்கம் போய் வேலை பார்க்கிறான். அண்ணன்மாரே தேடிப் போய் வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். வரும் வழியில், பாபநாசம் மலைப் பக்கத்தில், பாடிக்கொண்டு போகும் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களைப் பார்க்கிறான். அவ்வளவுதான், வீடு மறந்துவிட்டது. பெண்களின் தகப்பன் வாலப்பகடை அவனை லேசில் நம்பவில்லை. குடுமியையும் பூணூலையும் எடுத்துவிட்டு, எங்கள் தொழிலைச் செய்து காட்டு, பிறகு பேசலாம் என்கிறார். பட்டன் செய்து காட்டினான், கட்டினான். கல்யாணச் சூடு ஆறுமுன் மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டான். பெண்கள் இருவரும் அவன் சிதையில் ஏறினார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்று பெயர் சொல்லி இன்றும் அவனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் சாதியை விட்டு இறங்கி வந்த ஒருவனுக்கு இதைவிட நேர்மையான நினைவுச் சின்னம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கதையையும் சும்மா விடவில்லை. 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்து வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று வரும் பகுதி பின்னால் நுழைக்கப்பட்டது என்று காட்டினார்.

மூன்று கதை, மூன்றிலும் ஒரே கை. காதலர்களைக் கும்பிட வேண்டும், ஆனால் அவர்கள் செய்ததைச் செய்யக்கூடாது. அதற்கு ஒரே வழி பிறப்பைத் திருத்துவது. சாதி மாறிக் காதலித்தார்கள் என்று அழுதுவிட்டு, சாதி மாறவே இல்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

இதே திருத்தம்தான் நாம் ரசிக்கும் பகைக் குடும்பக் காதலிலும் இருக்கிறது. பட்டாளத்திலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊர் திரும்பும் மகன், பகையாளி வீட்டுப் பெண்ணைத் திருவிழாவில் பார்க்கிறான். இரண்டு வீட்டுக்கும் மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லை. கோயில் முதல் மரியாதையில் ஆரம்பித்த சண்டை, அல்லது வாய்க்கால் தண்ணீரில், அல்லது எப்போதோ விழுந்த ஒரு வெட்டில். கடைசியில் தாலி ஏறுகிறது, பகை தீர்கிறது. தொடர்கதையிலும் சினிமாவிலும் எத்தனை முறை பார்த்தாலும் நமக்கு அலுப்பதில்லை. ஏன் தீர்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு குடும்பமும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கக்கூடிய குடும்பங்கள். பகை வராமல் இருந்திருந்தால் அவனுக்கு அவளையே பேசி முடித்திருப்பார்கள். ஷேக்ஸ்பியர்கூட ரோமியோ ஜூலியட் நாடகத்தைத் தொடங்கும்போதே, வெரோனாவின் அந்த இரண்டு குடும்பமும் அந்தஸ்தில் சமம் என்று சொல்லிவிடுகிறார். பிள்ளைகளின் பிணத்தின் மேல் அப்பன்மார் இருவரும் கைகோத்துக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

இப்போது நம் ஊர் வழக்குகளை எடுங்கள். 2003இல் விருத்தாசலம் அருகே ஒரு தலித் இளைஞரும், கேட்டால் பெரிய சாதி என்று சொல்லிக்கொள்ளும் வீட்டுப் பெண்ணும் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார்கள். அவர் பொறியியல் படித்தவர். தேடிப் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்து, இருவருக்கும் காதிலும் மூக்கிலும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். பெண்ணின் அப்பனும் அண்ணனும் தண்டிக்கப்பட்டவர்களில் உண்டு. கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தண்டனைகளை உறுதிசெய்தது, விசாரணையைத் திரித்த காவல் அதிகாரிகளையும் விடவில்லை. ஏறத்தாழ 22 ஆண்டு.

நமக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி. 2014இல் சாதி மாறித் திருமணம் செய்த ஒரு பெண்ணின் விஷயம் காவல் நிலையம் வரை போய், அவளை வீட்டாரிடம் ஒப்படைப்பதில் முடிந்தது. அவள் இறந்தாள், உடல் அவசர அவசரமாக எரிக்கப்பட்டது. அந்த வழக்கில்தான் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. இராமசுப்பிரமணியன், 2016 ஏப்ரலில், மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று உத்தரவிட்டார். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில், சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்த ஒரு தலித் மென்பொருள் ஊழியர் வெட்டிக் கொல்லப்பட்டார். சரணடைந்தது பெண்ணின் தம்பி. அந்தத் தம்பியின் அப்பாவும் அம்மாவும் அப்போது காவல் சார்பு ஆய்வாளர்களாக இருந்தார்கள்.

ஊர் திரும்புதல் நம் கதைகளில் காதலின் தொடக்கம். இந்த வழக்குகளில் அது சாவு. இந்தக் கொலைகளை நடத்தியது வாய்க்கால் தகராறோ பழைய வெட்டோ கிடையாது. பகை இருந்தால் நாலு பெரியவர்களை உட்கார வைத்துப் பேசலாம், இழப்பீடு கேட்கலாம், ஒரு சம்பந்தம் செய்து முடித்துக்கொள்ளலாம். கொள்வினை கொடுப்பினையே கூடாது என்று ஒரு தரப்பு முடிவுகட்டிவிட்ட இடத்தில் எதை வைத்துப் பேசுவது? அருவாள் ஒரு பக்கம்தான் இருக்கிறது. இதை இரண்டு குடும்பச் சண்டை என்று எழுதுகிறவர்கள், சொல்கிறவர்கள், செத்தவன் வீட்டையும் சண்டைக்காரன் ஆக்கிவிடுகிறார்கள்.

1916இல், 25 வயது அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிப்பதுதான் சாதியின் உயிர் என்று விளக்கினார். மற்ற தீண்டாமைகளைச் சட்டம் ஓரளவு தட்டிக் கேட்க முடிந்தது. பேருந்தில் சேர்ந்து உட்காருகிறோம், ஓட்டலில் சேர்ந்து சாப்பிடுகிறோம். கல்யாணத்தில் மட்டும் அசையவில்லை. 2011-12இல் எடுத்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில் சாதி கடந்த திருமணங்கள் நாடு முழுதும் சுமார் 5 சதவீதம்தான்.

அதனால்தான் இதைத் திருநகரில் கேட்க விரும்புகிறேன், உசிலம்பட்டியில் கேட்பதற்கு முன்னால். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், அரசு ஊழியர்கள் வீடு கட்டிக் குடியேறிய இடம் இது. இங்கே யார் வீட்டிலும் அருவாள் தீட்டுவதில்லை. அமெரிக்காவிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பிள்ளை விடுமுறைக்கு வந்து, “அம்மா, எனக்கு ஒரு பொண்ணப் பிடிச்சிருக்கு” என்று சொன்னதும் கூடத்தில் ஒரு கேள்வி விழுகிறது: “அவுக என்ன ஆளுக?” பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்கவில்லை, குணம் எப்படி என்று கேட்கவில்லை. பாளையங்கோட்டையில் அருவாளை எடுத்த கைக்கும் முதலில் வந்தது இதே கேள்விதான். நம் வீட்டில் அதற்குப் பிறகு மாத்திரையும் கண்ணீரும் வருகின்றன, அங்கே அருவாள் வந்தது. நாம் கொலைகாரர்கள் என்று நான் சொல்லவில்லை. கொலைகாரன் தனக்குப் பின்னால் ஒரு ஊரே நிற்பதாக நம்புகிறான், அந்த ஊரில் நம் வீட்டுக் கதவிலக்கமும் இருக்கிறது என்கிறேன்.

இதற்குச் சொல்லப்படும் பதில் எனக்குத் தெரியும். “காதல் கல்யாணமெல்லாம் எத்தனை கோர்ட்டுல நிக்குது தெரியுமா? பெத்தவங்களுக்குப் பிள்ளை மேல அக்கறை இருக்காதா?” இருக்கும். அக்கறை உள்ளவர் பையன் குடிக்கிறானா, கடன் வைத்திருக்கிறானா, கை நீட்டுவானா என்று விசாரிக்கட்டும். ஆயிரம் முறை விசாரிக்கட்டும். ஆனால் சொந்தச் சாதியில் ஜாதகம் பார்த்து முடித்த கல்யாணங்களும் அதே குடும்ப நீதிமன்றத்து வராந்தாவில்தான் காத்திருக்கின்றன. தோற்றுப்போன சொந்தச் சாதிக் கல்யாணத்துக்காக யாரும் மாப்பிள்ளையை வெட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை. பெண் கெட்டுப்போவாள் என்ற பயம்தான் காரணம் என்றால், நன்றாக வாழ்ந்துகொண்டிருந்த பெண்களை ஏன் கொன்றார்கள்?

சட்டம் போதாது என்பதும் பாதிதான் உண்மை. அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தினார். 1967இல் அண்ணா ஆட்சியில் அதற்குச் சட்ட ஏற்பு வந்தது. புரோகிதர் வேண்டாம், ஊர்க்கூட்டம் வேண்டாம், உறவினரோ நண்பர்களோ சிலர் முன்னிலையில் மாலை மாற்றினால் போதும். ஊரைக் கூட்டித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞரின் ஆணவக் கொலையில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. அந்தச் சட்டம் வர வேண்டும், காலம் தாழ்த்தாமல் வர வேண்டும். ஆனால் தாலி கட்டிய மறுநாள் அந்தப் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் இன்னும் சரியான பதில் இல்லை. பாதுகாப்பு இல்லங்கள் பற்றி 2018இலேயே உச்ச நீதிமன்றம் பேசிவிட்டது. ஓடி வருகிறவர்களில் பெரும்பாலோர் நண்பன் அறையிலும் லாட்ஜிலும்தான் ஒளிகிறார்கள், அங்கிருந்துதான் பிடிபடுகிறார்கள். மதம் வேறாக இருந்து, இருவரும் மாறாமல் மணக்க விரும்பினால் இன்னும் கஷ்டம். 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், பெயர்களை எழுதி அறிவிப்பு ஒட்டிய பிறகு மேலும் 30 நாள் காத்திருக்க வேண்டும். துரத்தி வருகிறவனுக்கு அந்த அறிவிப்பே முகவரி.

திருநகரில் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகளில் மாடி காலியாகக் கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டு வருகிறவரிடமும் நாம் சுற்றி வளைத்து அதே கேள்வியைத்தான் கேட்கிறோம். கேட்காமல் அந்த மாடியை ஒரு ஜோடிக்கு 60 நாள் கொடுக்க முடியுமா? பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கூடப் போக முடியுமா? விரட்டி வருகிறவர்கள் வாசலில் வந்து நின்றால், “அவர்கள் என் வீட்டு விருந்தாளிகள், போலீசைக் கூப்பிட்டிருக்கிறேன்” என்று படியில் நின்று சொல்ல முடியுமா? நான் என் வீட்டாரிடமும் இதைக் கேட்டிருக்கிறேன். மாடி அறையில் பூட்டு மட்டும் மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றிவிட்டோம்.